கூடாரத்தில் வளர்ந்த மருத்துவம்

நாட்டுப் பிரிவினை நிலத்தையும் மக்களையும் மட்டும் பிரிக்கவில்லை. 1950ஆம் ஆண்டில் லாகூர் மனநல மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளர்கள் எல்லை கடந்து அமிர்தசரசுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்த மருத்துவமனையிலோ இடமில்லை, பணியாளரும் போதவில்லை. அக்காலத்தில் அத்தகைய இடத்தில் சேர்க்கப்பட்டவர் வீடு திரும்புவது அரிது. உறவினர் விட்டுச் செல்வர், வாயில் பூட்டப்படும், ஆண்டுகள் உருண்டோடும்.

இம்மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தவர் மருத்துவர் வித்யாசாகர். (வங்கத்துச் சீர்திருத்தவாதி ஈசுவர சந்திர வித்யாசாகர் வேறு.) அவர் செய்தது மிக எளிய செயல். நோயாளரை அழைத்து வந்த தாயையோ கணவரையோ திருப்பி அனுப்பாமல், உடன் தங்குமாறு கேட்டுக்கொண்டார். கட்டடத்தில் இடமில்லாமையால் வளாகத்திலேயே கூடாரங்கள் அடிக்கப்பட்டன. பகல் முழுதும் அவர் அக்குடும்பங்களோடு அமர்ந்து உரையாடினார். மனநோய் பாவத்தின் பயனன்று, பேயின் வேலையன்று, மருந்துக்குக் கட்டுப்படும் நோய் என விளக்கினார். அவர் விளக்கத்தைவிட, பக்கத்துக் கூடாரத்தில் நலம் பெற்றுவந்தவரின் முகமே அவர்களை நம்பவைத்திருக்க வேண்டும். பலர் சில வாரங்களில் வீடு திரும்பினர். அக்குடும்பங்கள் கற்றது ஊருக்கும் சென்றது.

ஐம்பதுகளிலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தினரை உடன் தங்கவைக்கும் முறையை மேற்கொண்டது. வித்யாசாகர் பின்னர் ரோத்தக் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். அமிர்தசரசு மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும் அவர் காட்டிய வழி எங்கும் பரவிவிடவில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப இயலாமல் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றாகத் தடைசெய்கிறது.

வித்யாசாகரின் முறைக்கும் ஒரு விலை உண்டு. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வேலைக்குச் செல்லும் ஒருவர், மகனுடன் இரண்டு வாரம் மருத்துவமனையில் தங்கினால் அந்நாள்களின் கூலியை இழப்பார். பெரும்பாலும் அச்சுமை வீட்டுப் பெண்களையே சேர்கிறது. ஆகவே மருத்துவமே ஊரை நாடி வரவேண்டியுள்ளது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் நோக்கமும் அதுவே. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் தொலைபேசிவழி மனநல ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.