பூசண வித்தின் வழியறிந்த டி பாரி

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு கருகிப் பெரும் பஞ்சம் வந்தது. பயிர் கெட்ட பிறகே அதில் பூசணம் தானாகத் தோன்றுகிறது என்று அறிஞர் பலரும் நம்பிய காலம் அது.

இந்த நம்பிக்கையை உடைத்தவர் ஆன்டன் டி பாரி. 1831-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் மருத்துவரின் மகனாகப் பிறந்தார். மருத்துவம் படித்தும் தாவரவியலுக்கே வந்து சேர்ந்தார். 1853-ல், 22 வயதில், கரிப்பூட்டை, துரு நோய்கள் பற்றி நூல் எழுதி, பூசணமே நோய்க்குக் காரணம் என்றார். 1861-ல், நலமான உருளைக்கிழங்குச் செடியில் வித்துகளை இட்டு, கருகல் நோயை வரவழைத்துக் காட்டினார்.

அடுத்து, 1863-ல் அவரை இனப் பயிர்களின் துருப் பூசணத்தை ஆராய்ந்தார். வெவ்வேறு வடிவ வித்துகள் அனைத்தும் ஒரே பூசணத்தின் பருவங்கள், அவை ஒரே செடியில் உருவாகின்றன என்று கண்டார். 1865-ல் கோதுமைத் தண்டுத் துருவையும் ஆராய்ந்தார். அதற்கோ சுழற்சியை முடிக்க பார்பெரி என்ற வேறொரு செடி வேண்டும் என நிறுவினார். 1888-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் காலமானார்.

இன்றும் பீன்ஸ் வயலுக்கு இந்த ஆய்வு உதவும். பழுப்புத்தூள் வித்து காற்றில் பரவி, இலை ஈரத்தில் முளைத்து, பருவம் முழுதும் நோயைப் பெருக்கும். கரும்பழுப்பு வித்து பயிர்க்கழிவில் தங்கும். துரு கண்ட பயிரின் கழிவை அகற்றுங்கள். அடுத்த பருவத்தில் அதே வயலில் பீன்ஸ் வேண்டாம்.