ஓபனிங் தியரி இல்லாமல் ஜெயித்த சுல்தான்

நைட் ரெண்டு மணி வரைக்கும் மொபைல்ல செஸ் ஆடுறவங்க நம்மில் நிறைய பேர். முதல் பத்து மூவை வீடியோ பார்த்தே மனப்பாடம் பண்ணிடுறோம். அந்த ஓபனிங் தியரி அதிகம் தெரியாமலேயே முன்னாள் உலக சாம்பியனைத் தோற்கடித்தவரை உங்களுக்குத் தெரியுமா? அவர் பெயர் மிர் சுல்தான் கான்.

இன்று பாகிஸ்தானில் இருக்கும் மிட்டா திவானா அவர் ஊர். அப்பாவிடம் கற்றது நம் நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் மூவிலும் ஒரு கட்டம்தான் நகரும். ஐரோப்பிய விதிகள் அவருக்கு 1926 வாக்கில்தான் அறிமுகம். அதற்கு ஏற்பாடு செய்தவர் உமர் ஹயாத் கான் என்ற பெரிய நிலக்கிழார். 1928ல் அகில இந்திய சாம்பியன். 1929ல் அவரோடு லண்டன் போனார். அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன்! 1932, 1933லயும் அவர்தான்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் எதிரே உட்கார்ந்தவர் கபாபிளாங்கா. ஆட்டம் குயின்ஸ் இந்தியன் டிஃபன்ஸில் போனது. வெள்ளையில் ஆடிய சுல்தான், ஓரச் சிப்பாயை a3க்கு ஒரு கட்டம் நகர்த்தினார். கறுப்பு பிஷப் b4க்கு வந்து குதிரையைக் கட்டிப்போடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. 65 மூவில் ஜெயித்தார். அந்த a3 ஐடியாதான் பின்னாடி பெட்ரோசியன் பெயரில் பிரபலமாச்சு. அன்னைக்கு பெட்ரோசியனுக்கு ஒன்றரை வயசு!

டீம் ஆட்டத்திலும் அவர் சும்மா இல்லை. 1930, 1931, 1933 ஒலிம்பியாட்களில் இங்கிலாந்து டீமின் முதல் போர்டு அவர்தான். அடிமை நாட்டிலிருந்து போனவர், ஆண்ட நாட்டு டீமுக்குத் தலைமை போர்டு. யோசிச்சுப் பாருங்க.

நம்ம மண்டகப்பட்டு குகைக் கோயில் ஞாபகம் வருதா? செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மகேந்திரவர்மன் குடைந்தது. சுல்தானும் அப்படித்தான், கையில் இருந்த பாறையை மட்டும் நம்பினார்.

ஆனால் 1933 கடைசியில் உமர் ஹயாத் கான் ஊர் திரும்ப, சுல்தானும் திரும்பினார். ஐரோப்பாவில் அப்புறம் ஆடவே இல்லை. மொத்தம் ஐந்து வருஷம்கூட இல்லை. 1950ல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுக்கத் தொடங்கியபோதும் அவர் பெயர் லிஸ்டில் இல்லை. 1966ல் காசநோயால் இறந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது 2024ல்.

திறமை அவருடையது, எவ்வளவு நாள் ஆடலாம் என்பது மட்டும் இன்னொருவர் பயணத்தைப் பொறுத்து இருந்தது. உங்க கிளாஸ்ல, உங்க கிளப்ல நல்லா ஆடுற ஒருத்தர் டோர்னமென்ட் ஃபீஸ் கட்ட முடியாம நின்னா, கவனிங்க. 58 வருஷம் கழிச்சு வர்ற பட்டத்தை வாங்க அவர் இருக்க மாட்டார்.