பட்டம் இல்லாதவர் எழுதிய மனு

புலிக்காட்டு ஏரியில் வலை வீச மனு எழுத வேண்டாம். அங்கே 'பாடு' என்ற முறை உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊரே முறை வைத்துக்கொள்ளும்.

ஆனால் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் இன்று ஒரு துறைமுகம் இருக்கிறது. துறைமுக உத்தியோகத்துக்கு மனு வேண்டும். அதிலும் பெரிய பதவி என்றால், படித்த படிப்பு மட்டும் போதாது. செய்து முடித்த காரியங்களையும் காகிதத்தில் காட்ட வேண்டும். எப்படி எழுதுவது என்று அனுபவசாலிகளே திகைக்கிறார்கள்.

துறைமுக வேலைக்கு மனுப் போட்ட ஒருவரின் கதை இது. அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கில் புலி! மற்றப் பாடங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார். அதனால் உபகாரச் சம்பளம் போயிற்று. எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. 1909-ல் கல்யாணம் ஆயிற்று. வேலையோ இல்லை.

கையில் இருந்தவை சில நோட்டுப் புத்தகங்கள். அவை நிறைய அவர் கண்டுபிடித்த கணக்குகள். அவற்றைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனார். புலிக்காட்டுக்கு வடக்கே, நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் அந்த நோட்டுகளைப் பார்த்தார். மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். ஆனால் சும்மா இருந்து பணம் வாங்க ராமானுஜனுக்கு மனம் வரவில்லை.

1912 பிப்ரவரி 9-ந் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு மனு எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். மேலே படிக்க முடியாமல் போனதையும் மறைக்கவில்லை. தன் நேரமெல்லாம் கணக்குக்கே போகிறது என்றார். கூடவே ஒரு கணிதப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம். வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அடுத்த மனு சீமைக்குப் போயிற்று. 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். முன்பே வேறு பேராசிரியர்களுக்கு எழுதி ஏமாந்தவர் அவர். இந்தத் தடவை ஹார்டியின் புத்தகத்தைப் படித்திருந்தார். அதில் விடை இல்லை என்று ஹார்டி விட்டிருந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, விடை தன்னிடம் இருக்கிறது என்று எழுதினார். எந்த மனிதர் அதற்குமேல் படிக்காமல் இருப்பார்?

பட்டம் இல்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். பிறகு பக்கம் பக்கமாகத் தன் கண்டுபிடிப்புகள்தான். (வயதில் மட்டும் இரண்டைக் குறைத்துவிட்டார்!) அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன விடை தவறு என்று பின்னால் தெரிந்தது. சில கணக்குகள் மற்றவர்கள் முன்பே கண்டவை. ஆனால் மிச்சம் இருந்தவை ஹார்டியைப் பிரமிக்க வைத்தன. உடனே பதில் எழுதினார்.

ராமானுஜன் மறுபடி எழுதினார். தான் அரைப் பட்டினியாக இருப்பதையும், மூளை வேலை செய்ய வயிற்றுக்குச் சோறு வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அதே 1913-ல் சென்னைப் பல்கலைக் கழகம், பட்டம் இல்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. ஊர் திரும்பும் சமயத்தில், பல்கலைக் கழகம் வருடத்துக்கு 250 ஸ்டெர்லிங் பவுண்டு தருவதாக அறிவித்தது. 1919 ஜனவரியில் அதற்கும் ஒரு கடிதம் எழுதினார். இவ்வளவு பணம் தனக்குத் தேவையில்லை. பெற்றோருக்கு 50 பவுண்டு கொடுத்து, தன் அவசியச் செலவு போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் ஏப்ரல் 26-ந் தேதி, சென்னை சேத்துப்பட்டில் அவர் காலமானார். வயது 32.