ஒரு கம்பியில் பல குரல்கள்: மார்க்கோனியின் வாழ்க்கை



பாட்டியின் கையிலுள்ள பொத்தான் வைத்த சிறு கைப்பேசி 2ஜி அலையில் பேசுகிறது. அண்ணனின் கைப்பேசியோ 4ஜி, 5ஜி என்று பறக்கிறது. இருவருக்கும் ஊர் எல்லையில் நிற்கும் கோபுரம் ஒன்றே. அதன் உச்சியில் நீண்ட பெட்டி போலப் பொருத்தப்பட்டிருக்கும் ஒரே ஆண்டெனா பல தலைமுறை அலைகளையும் தாங்கி நிற்பதுண்டு. ஒரு குரல் மற்றொன்றோடு கலந்து குழம்பாதிருப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு உலகறிய விடை காட்டிய ஒருவரின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவரே குலியெல்மோ மார்க்கோனி.

மார்க்கோனி 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் இத்தாலியிலுள்ள பொலோஞா நகரில் பிறந்தார். தந்தை ஜூசெப்பே நிலபுலன் உடைய செல்வர். தாய் ஆனி அயர்லாந்து நாட்டுப் பெண்மணி. மார்க்கோனி பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். ஆயினும் மின்சாரத்தில் அவருக்கிருந்த ஆர்வத்திற்கு அளவில்லை. மின்காந்த அலைகளைச் சோதனையில் கண்டு காட்டிய ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1894இல் மறைந்தார். அவ்வறிஞரின் ஆய்வுகளைப் பற்றிப் படித்த இளைஞர், இவ்வலைகளைக் கொண்டு கம்பியே இல்லாமல் செய்தி அனுப்பினால் என்ன என்று எண்ணினார்.

பொன்தெக்கியோ என்னும் சிற்றூரிலிருந்த தம் வீட்டின் மேல்மாடியே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. தந்தை இதை வீண்வேலை என்று கருதினார். தாயோ மகனுக்கு உறுதுணையாக நின்றார். ஒரு கம்பியை உயரத்தில் கட்டி, மறுமுனையைத் தரையில் புதைத்தபோது அலைகள் வெகுதூரம் செல்வதை மார்க்கோனி கண்டார். 1895இல் குன்றுக்கு அப்பால் நின்ற அண்ணன் அல்போன்சோ, செய்தி கிடைத்ததற்கு அடையாளமாகத் துப்பாக்கியால் சுட்டார். அவ்வொலியோடு ஒரு புதிய காலம் பிறந்தது எனலாம்.

1896இல் தாயும் மகனும் இங்கிலாந்துக்குச் சென்றனர். அங்கே அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் அவரை ஆதரித்தார். 1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயின் நீர்ப்பரப்பைக் கடந்து செய்தி சென்றது. 1899இல் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தது.

ஆனால் வெற்றியோடு ஒரு தொல்லையும் வந்தது. ஒருவர் அனுப்பும்போது மற்றவரும் அனுப்பினால் இரண்டும் கலந்து ஒன்றும் விளங்காமற் போயிற்று. ஒரே அறையில் பலர் ஒருங்கே கூவுவது போன்ற நிலை அது.

இங்கே ஓர் ஊஞ்சலை நினைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் தனக்கென்று ஓர் ஆட்டக் காலம் உண்டு. அதற்கு இசைய மெல்லத் தள்ளினால் உயர்ந்து ஆடும். தாளம் தவறித் தள்ளினால் அசைந்து நின்றுவிடும். கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த மின்சுற்றும் அத்தகையதே. தனக்கு இசைந்த அலைக்கு மட்டும் அது எழுச்சி கொள்ளும், ஏனையவற்றைப் பொருட்படுத்தாது. ஆலிவர் லாட்ஜ் என்னும் ஆங்கில அறிஞர் இவ்வழியை 1897இலேயே காட்டியிருந்தார். அதை வளர்த்துச் செம்மைப்படுத்திய மார்க்கோனி, 1900 ஏப்ரல் 26ஆம் நாள் 7777 என்ற எண்ணுடைய புகழ்பெற்ற காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அவ்வாண்டிலேயே வைட் தீவிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூல் என்னும் இடத்துக்கு இரு செய்திகள் ஒருங்கே அனுப்பப்பட்டன. ஒன்று ஆங்கிலத்தில், மற்றொன்று பிரெஞ்சில். பூலில் இரு ஏற்பிக் கருவிகளையும் ஒரே வான்கம்பியில் இணைத்தார் மார்க்கோனி. ஒரு கருவி ஆங்கிலச் செய்தியைப் பிழையின்றித் தந்தது. மற்றது பிரெஞ்சுச் செய்தியைத் தந்தது. பேராசிரியர் பிளமிங் இவ்வரிய நிகழ்ச்சியை நாளிதழ் வாயிலாக உலகுக்கு அறிவித்தார். கம்பி ஒன்று, குரல்கள் இரண்டு!

1901 டிசம்பர் 12ஆம் நாள் நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில், பட்டத்தில் கட்டிய கம்பியின் துணையோடு, இங்கிலாந்தின் போல்துவிலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அவர் அறிவித்தார். பலர் ஐயுற்றனர். அடுத்த ஆண்டு பிலடெல்பியா என்னும் கப்பலில் பயணம் செய்து, நெடுந்தொலைவுச் செய்திகளைத் தாள்நாடாவில் பதிவு செய்து காட்டினார். 1909இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் ஜெர்மானியரான பிரவுனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பகிர்தல் என்பது கருவியால் மட்டும் ஆகிவிடாது என்பதை 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு உணர்த்தியது. டைட்டானிக் கப்பலின் தந்தியாளர்கள் மார்க்கோனி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். பயணிகளின் சொந்தத் தந்திகள் அன்று மலைபோல் குவிந்திருந்தன. கரையிலிருந்த நிலையத்தோடு அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், அருகிலிருந்த கலிபோர்னியன் என்னும் கப்பல் பனிப்பாறை எச்சரிக்கையோடு உரத்துக் குறுக்கிட்டது. வேலை நடக்கிறது, விலகியிரு என்ற பொருளில் டைட்டானிக் பதிலளித்தது. சற்று நேரத்தில் கலிபோர்னியனின் ஒரே தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அதன்பின் சில நிமிடங்களில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அபயக்குரலைக் கேட்டு ஓடிவந்த கார்பாத்தியா 700 பேருக்கு மேல் காப்பாற்றியது. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். கம்பியில்லாத் தந்தி இல்லையேல் அந்த 700 பேரும் பிழைத்திருப்பது அரிது. செவிமடுத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ! கப்பல்களில் இரவும் பகலும் செவி கொடுத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1914ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தத்தில் இடம்பெற்றது.

1931 பிப்ரவரி 12ஆம் நாள் நம் திருச்சபைக்கு மகிழ்ச்சி நாள். மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். பிற்காலத்தில் அவ்வானொலி தமிழிலும் ஒலித்தது. 1933இல் வத்திக்கானையும் காஸ்தல் கந்தோல்போ மாளிகையையும் இணைக்கும் நுண்ணலைத் தொலைபேசியும் இயங்கத் தொடங்கியது.

பெரியோரின் வாழ்விலும் குறையுண்டு. மார்க்கோனி 1923இல் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். இதை நாம் பெருமையாகச் சொல்வதற்கில்லை. கண்டுபிடிப்பின் புகழும் அவர் ஒருவருக்கே உரியதன்று. அலையிசைவு பற்றிய அவருடைய உரிமைகளில் சிலவற்றை, முன்னோர் வேலையைக் காட்டி, 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதனவாக்கியது. நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்ததும் மார்க்கோனி முயன்ற அதே காலத்தில்தான்.

1937 ஜூலை 20ஆம் நாள் மார்க்கோனி உரோமையில் காலமானார். அவருக்கு மரியாதையாகப் பிரிட்டனின் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

இனி நம் கோபுரத்துக்கு வருவோம். 900, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் என ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி அலைவரிசை உண்டு. அவற்றை ஒன்றுசேர்த்து ஆண்டெனாவுக்கு அனுப்பவும், வருவதைப் பிரித்து உரிய கருவிக்குத் தரவும் வடிப்பான்கள் காவலர்போல் நிற்கின்றன. இதனால் கோபுரத்தின் சுமை குறைகிறது, காற்று மோதும் பரப்பும் குறைகிறது, செலவும் மிச்சம். ஆனால் ஓர் எச்சரிக்கை. எங்கேனும் ஓர் இணைப்பு தளர்ந்தாலும் துருப்பிடித்தாலும், வலுவான அலைகள் அங்கே கலந்து வேண்டாத புதிய அலைகள் பிறக்கும். தொலைவிலுள்ள மெலிந்த கைப்பேசியின் குரல் அதில் மூழ்கிப்போகும்.

குடும்பமும் பள்ளியும் அப்படித்தானே? ஒரே கூரையின்கீழ் முதியோரும் இளையோரும் வாழ்கிறோம். அவரவர் குரல் அவரவருக்கு உண்டு. உரத்த குரல் மெலிந்த குரலை அமிழ்த்திவிடாமல் காப்பதே நம் கடமை. பாட்டி நம்மை அழைக்கையில், வேலையிருக்கிறது என்று சொல்லி விலக்காமல் ஒரு கணம் செவி சாய்ப்போமாக. மார்க்கோனியின் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம் இதுவே.