பிடி அரிசியில் படித்த முதல் மந்திரி

காலஞ்சென்ற காமராஜரை அறியாதவர் நம் வாசகர்களில் இருக்கமாட்டார்கள். அணைகளையும் தொழிற்பேட்டைகளையும் சொல்லி அவரை நினைப்பவர்கள் உண்டு. 1964-லும் 1966-லும் டில்லியில் பிரதம மந்திரி ஆசனத்துக்கு ஆள் தேடியபோது அவர் வகித்த பங்கைச் சொல்லி நினைப்பவர்களும் உண்டு. நாம் இங்கே எழுதப் புகுந்தது அவருடைய அரசியலைப் பற்றியல்ல. பள்ளிக்கூடக் கணக்கில் சர்க்கார் எவ்வளவு போடவேண்டும், ஊர் எவ்வளவு போடவேண்டும் என்ற கேள்விக்கு அவர் கண்ட வழியைப் பற்றியே எழுதுகிறோம். பேரேடு பார்த்துப் பழகிய நமக்கு அது அந்நியமான விஷயமல்ல.

விருதுநகர் அன்று விருதுபட்டி எனப்பட்டது. பருத்தியும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் வியாபார ஊர். அங்கே 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி, தேங்காய் வியாபாரி குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துபோக, தாயார் நகைகளை விற்றுக் குடும்பத்தை நடத்தினார். வீட்டு நிலை இதுதான். ஆனாலும் பையனுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

அவர் படித்த சத்திரிய வித்தியாசாலையை அவ்வூர் நாடார் வணிகர்களே ஏற்படுத்தி நடத்திவந்தார்கள். அதற்கு இரண்டு வகையில் வருமானம் உண்டு. ஒன்று மகமை. சரக்கு கைமாறும்போது வியாபாரிகள் தாங்களே விதித்துக்கொண்ட ஒரு சிறு தொகை உறவின்முறைப் பொதுநிதிக்குப் போகும். யாரும் தனியாகக் கையை நீட்டிக் கேட்கவேண்டியதில்லை. வியாபாரத்தோடு சேர்ந்தே தர்மமும் நடந்துவிடும். மற்றொன்று பிடி அரிசி. வீட்டுப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். அதைச் சேகரித்து விற்ற பணம் பள்ளிக்கூடத்துக்கு. ஏழை வீட்டுக் கலயத்திலும் பணக்கார வீட்டுக் கலயத்திலும் விழுந்தது ஒரே பிடிதான். ஆகவே பள்ளிக்கூடம் எவருடைய தயவிலும் நடக்கவில்லை.

இப்படிப்பட்ட முயற்சி நம்மவர்களுக்கும் புதிதல்ல. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் சகோதரர்கள் 1946-ல் தொடங்கி, 1982 வரை நடந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை அறிந்தவர்களுக்கு, விருதுபட்டிக் கலயத்தின் அருமையை நாம் விளக்கவேண்டியதில்லை.

பன்னிரண்டு வயதளவில் படிப்பு நின்றது. மாமன் துணிக்கடையில் வேலை. பிறகு திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமன் மரக்கடையில். கடையில் நிலைக்கட்டும் என்று பெரியவர்கள் எண்ணினார்கள். அவர் மனம் காங்கிரஸ் கூட்டங்களில் இருந்தது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் தொடங்கிய சிறைவாசம் மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளை விழுங்கியது. திருமணம் செய்துகொள்ளவில்லை.

1954 ஏப்ரல் 13-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். முந்திய ஆண்டு ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்பது பழைய நுகத்தையே மறுபடி பூட்டுவதாகும் என்று பலர் கருதினார்கள். காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. தலைமைப் பதவிக்குத் தம்மோடு போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே கல்வி மந்திரியாக வைத்துக்கொண்டார். போட்டியை மனத்தில் வைத்து வேலைக்காரனை இழக்கும் முதலாளி அவரல்லர்.

ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்ற நோக்கோடு பள்ளிகள் திறக்கப்பட்டன. திறந்தால் போதுமா? பிள்ளை வரவேண்டாமா? ஆடு மாடு மேய்த்தால் பிள்ளைக்கு ஒரு வேளைக் கூழாவது கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் அதுவும் இல்லை. மாடு மேய்த்த சிறுவன் ஒருவன் அவருக்குப் பாடம் சொன்னதாகப் பல ஊர்களின் பேரில் வழங்கும் கதையை நாம் இங்கே விரிக்கவில்லை. பசியை அறிய அவருக்கு வழிப்போக்கில் ஒரு சிறுவன் தேவைப்படவில்லை என்பதே நமது எண்ணம்.

பள்ளியில் சோறு போடுவது அதற்கு முன்பும் நடந்ததுதான். 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படக்கூடாது என்பது கணக்கு. வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. 1925-ல் நின்றுபோனது. காரணம் பணமில்லாமையல்ல. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிடக்கூடாது என்று அன்றைய அரசாங்கம் மறுத்துவிட்டது. கரும்பலகை வாங்கினால் கல்விச் செலவு. அதைப் பார்க்க வந்த பிள்ளையின் வயிற்றுக்குப் போட்டால் கல்விச் செலவல்ல! எந்தப் பேரில் பற்று எழுதுவது என்ற தகராறில் இலை எடுக்கப்பட்டது.

1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கிவைத்தார். முதலில் ஊரார் நன்கொடையிலேயே நடந்தது. பிறகு சர்க்கார் பங்கு சேர்ந்தது. சாப்பாடு ஒன்றுக்குப் பத்து நயா பைசா அளவில் செலவென்று வைத்து, அதில் ஆறு சர்க்காரும் நாலு ஊரும் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. ஆண்டுக்கு 200 நாள் அளவில் அடுப்பு எரியும். ஊர்ப்பங்கு காசாகவும் வரலாம், தானியமாகவும் காய்கறியாகவும் விறகாகவும் வரலாம். விருதுபட்டிக் கலயம் ஒரு ராஜ்யத்தின் வரவு செலவுத் திட்டத்துக்குள் நுழைந்துவிட்டது என்றே நாம் சொல்வோம். 1961 முதல் கேர் என்ற அமெரிக்க ஸ்தாபனத்தின் உணவுப் பொருளும் வந்து சேர்ந்தது.

அத்தோடு நிற்கவில்லை. பொதுக் கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டினார். 1958-ல் கடம்பத்தூரில் ஆரம்பித்த வேலை அது. இந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று முன்கூட்டியே பட்டியல் போடப்படும். கட்டடமா, பெஞ்சா, கடிகாரமா, குடிதண்ணீரா, ஏழைப் பிள்ளைக்கு உடுப்பா? முடிந்தவர் முடிந்ததை ஏற்றுக்கொள்வார். மாநாட்டுக்கு முதல் மந்திரியே வந்து உட்கார்ந்ததுண்டு. கொடுத்ததை ஊரறிய வாங்கிக்கொள்ள ஒருவர் வந்தால் கொடுப்பவன் கை தாராளமாகும் என்பது வசூலுக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும்.

உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களையும் அவர் மறக்கவில்லை. சேமநிதி, காப்புறுதி, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த திட்டம் 1955-ல் அவர்களுக்கு வந்தது. இத்தகைய பள்ளிகளை நடத்திய சங்கங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் இது பெரிய தைரியம். 1960-ல் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சம்பளமும் நீங்கியது. 1951 ஜனக்கணக்கில் நூற்றுக்குச் சுமார் 21 பேராயிருந்த எழுத்தறிந்தவர்கள், 1961-ல் சுமார் 31 பேரானார்கள்.

குறையும் உண்டு, அதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. ஊர்ப்பங்கு கொடுக்க வணிகர்களும் மிராசுதார்களும் உள்ள ஊரில் அடுப்பு தவறாமல் எரிந்தது. எல்லாரும் கூலிக்குப் போகும் ஊரில் யார் கொடுப்பது? எங்கே பசி அதிகமோ அங்கே பங்கு வசூலாவது கடினம். பிடி அரிசி போட வீட்டில் அரிசி இருக்கவேண்டுமல்லவா? விருதுபட்டியின் வழி விருதுபட்டி போன்ற ஊர்களுக்கே முழுதும் பொருந்தியது.

1963 அக்டோபர் 2-ஆம் தேதி கட்சி வேலைக்கென்று பதவியை விட்டார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். வென்ற பெ. சீனிவாசன் ஒரு மாணவர் தலைவர். பள்ளிகளைத் திறந்தவரைப் படித்த பிள்ளைகளே வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று அப்போது வருந்தியவர்கள் பலர். படித்தவன் தன் ஓட்டைத் தன் இஷ்டப்படி போடுவான் என்பது பள்ளி திறக்கும்போதே தெரிந்த சங்கதிதானே! 1975 அக்டோபர் 2-ஆம் தேதி சென்னையில் காலமானார். வாடகை வீடு, சொத்தென்று ஒன்றுமில்லை. மறு ஆண்டு பாரத ரத்னா விருது அவர் பேருக்கு வழங்கப்பட்டது.

ஊர்ப்பங்கின் சிக்கல் 1982-ல் தீர்ந்தது. எம். ஜி. இராமச்சந்திரன் அவ்வாண்டு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் செலவுப் பொறுப்பை அரசே ஏற்றது. 2001-ல் இந்தியாவின் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு கொடுக்கவேண்டுமென்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. முதலில் அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே. சங்கங்களும் ஜமாஅத்துகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் கிராமப்புறத்தில் உள்ளவற்றுக்கு அது 2024 ஜூலை 15-ஆம் தேதி, காமராஜர் பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் தொடங்கி விரிவாக்கப்பட்டது.