டாக்டர் ஆன பிறகு மறுபடி மாணவர் ஆனவர்: யார் இந்த கிரீந்திரசேகர் போஸ்?

டெல்லி மயூர் விஹாரோ, சென்னை மயிலாப்பூரோ, சிபிஎஸ்இ மேல்நிலைப் பள்ளின்னா அங்கே ஒரு கவுன்சிலர் இருக்கணும். இது வாரியத்தின் விதி. ஆனா அந்த நாற்காலியில் உட்கார்பவர் என்ன படிச்சிருக்கணும்? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தன் வாழ்க்கை மூலம் பதில் தேடியவர் கிரீந்திரசேகர் போஸ்.

மருத்துவர் ஏன் மாணவரானார்?

1887-ல் பீகாரின் தர்பங்காவில் பிறந்தவர் போஸ். வங்க எழுத்தாளர் ராஜசேகர் போஸ் இவரது அண்ணன். 1910-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, பிராக்டிஸைத் தொடங்கினார். மேஜிக்கிலும் ஹிப்னாடிசத்திலும் ஆர்வம் உண்டு. உடம்பில் கோளாறே இல்லாமல் தவிக்கும் நோயாளிகளைப் புரிந்துகொள்ள, மருத்துவப் படிப்பு மட்டும் போதவில்லை.

அந்த நேரத்தில் கல்கத்தா பல்கலைக்கழகம் முதுநிலை உளவியல் படிப்பைத் தொடங்கியது. ஹார்வர்டில் படித்துவிட்டு வந்த நரேந்திரநாத் சென்குப்தா அதை நடத்தினார். டாக்டராக நல்லா சம்பாதித்துக்கொண்டிருந்த போஸ், அங்கே போய் மாணவராகச் சேர்ந்தார். 1917-ல் முதுநிலைப் பட்டம். பிறகு அதே துறையில் ஆசிரியர் வேலை. 1921-ல் முனைவர் பட்டமும் வந்தது. இந்தியாவில் உளவியலில் வழங்கப்பட்ட முதல் டாக்டரேட் அதுதான்.

ஃப்ராய்டோடு கருத்து மோதல்

மனதில் அழுத்தி வைக்கப்படும் ஆசைகள் பற்றிய அந்த ஆய்வை வியன்னாவில் இருந்த சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு அனுப்பினார். 1937 வரை கடிதப் போக்குவரத்து நடந்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. ஒவ்வொரு ஆசைக்கும் எதிரான இன்னொரு ஆசை மனதில் இருக்கும் என்ற தன் கருத்தை ஃப்ராய்டுக்காக அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்.

வகுப்பறையில் இருந்து குழந்தைகளிடம்

உளவியலைப் புத்தகத்தோடு நிறுத்திவிடக் கூடாது என்பதில் போஸ் உறுதியாக இருந்தார். இன்று ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்படும் கார்மைக்கேல் கல்லூரியில் 1933-ல் மனநல வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1940-ல், அண்ணன் கொடுத்த இடத்தில் 3 படுக்கைகளோடு லும்பினி பார்க் மருத்துவமனை வந்தது. 1949-ல், குழந்தைகளுக்காகப் போதாயனா பள்ளி உருவானது. அதே உளவியல் அறிவு ஒரு பள்ளியின் அன்றாட வேலைக்குள் வந்தது அப்போதுதான். 1953-ல் போஸ் மறைந்தார்.

இன்று நிலைமை என்ன?

மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். பள்ளி உளவியலாளர் என்று தனியாக ஒரு உரிமம் நம் நாட்டில் இல்லை. முதுநிலை உளவியல் முடித்துவிட்டு வருபவர்களும் உண்டு. என்சிஇஆர்டி நடத்தும் வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமா படித்துவிட்டு வரும் ஆசிரியர்களும் உண்டு. அந்த டிப்ளமாவிலேயே நேரடிப் பயிற்சிக்கு என்று தனிக் கட்டம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பெயரில் வேலை பார்ப்பதால், பெற்றோருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

அதனால் அடுத்த முறை பிடிஎம் போகும்போது கவுன்சிலரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம். என்ன படிச்சீங்க? யாருடைய மேற்பார்வையில் குழந்தைகளோடு வேலை பார்த்துப் பழகினீங்க? படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே இருக்கணும்னு போஸ் காட்டிவிட்டுப் போன வழி அது. கேட்பதில் தப்பே இல்லை.