வேலை போன பறவை மனிதர்

போன வருஷம் கம்பெனியில் ஆட்குறைப்பு. லிஸ்டில் என் பேரும் இருந்தது. அடையாறு முகத்துவாரத்தில் பறவைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது சலீம் அலி ஞாபகம் வந்தார்.

அவரும் வேலை போனவர்தான். 1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் வழிகாட்டி விரிவுரையாளர். பெர்லினில் பறவையியல் பயின்று 1930-ல் திரும்பினால், நிதியில்லை என்று பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

மனுஷர் முடங்கிவிடவில்லை. கீஹிம் கடற்கரை கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். பிறகு, சம்பளம் வேண்டாம், செலவு மட்டும் போதும் என்று சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க முன்வந்தார். ஹைதராபாத், திருவிதாங்கூர் சமஸ்தானங்கள் செலவை ஏற்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் துணை நின்றது. மனைவி தெஹ்மினா காட்டு முகாம்களுக்கும் கூடவே போனார்.

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது. பரத்பூருக்காகவும் அமைதிப் பள்ளத்தாக்குக்காகவும் குரல் கொடுத்தார். 1976-ல் கிடைத்த கெட்டி பரிசுப் பணத்தில் பெரும்பகுதியைக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். வாங்கிய கை கொடுத்தது! 1987-ல் தமது 90-ஆம் வயதில் மறைந்தார். கோவையில் அவர் பெயரில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

எனக்கும் நம்ம பேட்ச் நண்பர்கள் இரண்டு பேர்தான் கைகொடுத்தார்கள். நண்பர்களே, தம்பி தங்கைகளே! வேலை இழந்தவனுக்கு வெறும் ஆறுதல் போதாது. அவன் தொழிலை விடாமலிருக்க வழி செய்யுங்கள்.